ஆழ்கடல் பாக்டீரியா அவ்வளவு அழுத்தத்துல நசுங்காம எப்படி இருக்கு? மேல இருந்து கீழ போய் எப்படி பழகியிருக்கும்?

கேள்விக்குறி:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா மண்டைய குடையுற கேள்வி, தெரிஞ்சவங்க விளக்கமா சொன்னா சந்தோஷப்படுவேன். கடல்ல 10 மீட்டர் இறங்கினா ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்னு படிச்சேன், அந்தக் கணக்குல மரியானா அகழியோட அடியில, கிட்டத்தட்ட 10,900 மீட்டர்ல, மேல இருக்கிறத விட 1,000 மடங்குக்கு மேல அழுத்தம். வெளிச்சம் சுத்தமா கிடையாது, தண்ணி 2, 3 டிகிரி குளிர், சாப்பாடுன்னு பாத்தா மேல இருந்து விழுற மிச்சம் மீதிதான். இதுக்கெல்லாம் நடுவுல அங்க பாக்டீரியா இருக்கு, பெருகவும் செய்யுது.

இதுங்களுக்கு செல் சுவர் ரொம்ப கெட்டியா இருக்குமா, நீர்மூழ்கிக்கு கனமான உலோகச் சுவர் வைக்கிறாங்களே அப்படி? அத விட எனக்கு பெரிய சந்தேகம் பரிணாமம் பத்திதான். மேல வாழ்ந்த ஒண்ணு கீழ போனா உடனே செத்திருக்கும்ல, சாகாம இருந்தாத்தானே சந்ததி வரும், சந்ததி வந்தாத்தானே மாற்றம் வரும்? அப்போ 500 மீட்டர், 1,000 மீட்டர்னு படிப்படியா இறங்கிச்சா, இல்ல ஏதோ ஒரு ஜீன் மாறினாலே போதுமா? மேல இருக்கிற சொந்தத்தையும் கீழ இருக்கிற சொந்தத்தையும் பக்கத்துல வச்சு யாராவது பாத்திருக்காங்களா? நான் பயாலஜி படிக்கல, ஆனா எவ்வளவு நீளமா எழுதினாலும் பொறுமையா படிப்பேன்.

அலைமகன்:

நல்ல கேள்வி. முதல்ல நசுங்குற விஷயத்த முடிச்சிடுவோம், அது தெளிவானாத்தான் மிச்சம் புரியும். நீர்மூழ்கிக்கு கெட்டிச் சுவர் ஏன் வேணும்னா உள்ள காத்து, வெளிய தண்ணி, ரெண்டு பக்கமும் அழுத்தம் வேற வேற. பாக்டீரியாவுக்குள்ள காத்தே இல்ல, உள்ளயும் தண்ணிதான் வெளியயும் தண்ணிதான், வெளிய ஏறுற அழுத்தம் அப்படியே உள்ளயும் ஏறிடும், அதனால சுவர நசுக்குறதுக்கு அங்க வித்தியாசம்னு ஒண்ணு கிடையாது. தண்ணிய அவ்வளவு சுலபமா அமுக்கவும் முடியாது, மரியானா அகழியோட அடியிலயே கடல் தண்ணியோட அடர்த்தி மேல இருக்கிறத விட 5 சதவீதம் வாக்குலதான் கூட.

அடி விழுறது மூலக்கூறுகளுக்கு. அழுத்தம் ஏறும்போது, எந்த வேலை நடந்தா மொத்த கன அளவு கொஞ்சம் கூடுமோ அந்த வேலை தடைபடும், குறையுமோ அது சுலபமாகும். செல்லுக்குள்ள முக்கியமான பல வேலைங்க கன அளவு கூடுற வகை. தனித்தனி புரதங்க கோர்த்து பெரிய அமைப்பாகுறது, புரதம் செய்யுற ரைபோசோமோட ரெண்டு பாகமும் ஒண்ணு சேர்றது, நீந்துறதுக்கான கசையிழை நீளுறது எல்லாம் அப்படித்தான். அதனால அழுத்தத்துல இதெல்லாம் பிரிஞ்சு போகப் பாக்கும். நம்ம குடல்ல இருக்கிற ஈ.கோலைய வச்சு இத நல்லா பாத்திருக்காங்க. 10 மெகாபாஸ்கல், அதாவது 1,000 மீட்டர் ஆழத்துக்கு சமமான அழுத்தத்துலயே நீந்துறது தடுமாறுது, இன்னும் ஏத்தினா செல் வளருது ஆனா ரெண்டா பிரிய முடியாம இழையா நீண்டுகிட்டே போகுது, 50 வாக்குல டிஎன்ஏ நகலெடுக்கிறது நிக்குது, 60 வாக்குல புரதம் செய்யுறது நிக்குது. ஆனா கொத்துக் கொத்தா சாகுறது 200 மெகாபாஸ்கல் பக்கத்துலதான்.

இந்த கடைசி எண்ண கவனிங்க, உங்க ரெண்டாவது சந்தேகத்துக்கு பாதி பதில் இதுலயே இருக்கு. கடலோட ஆக ஆழமான இடத்துலயே அழுத்தம் 110 மெகாபாஸ்கல்தான். மேல இருந்து கீழ போற ஒரு சாதாரண பாக்டீரியா அழுத்தத்தாலயே உடனே செத்துடும்னு கட்டாயமே இல்ல, அது முடங்கிப் போகும், பெருகாது, ஆனா இருக்கும். முடங்கின கூட்டத்துல எதுக்காவது கொஞ்சூண்டு வேலை செய்யுற அளவுக்கு ஒரு மாற்றம் இருந்துச்சுன்னா மத்ததெல்லாம் நின்னுகிட்டு இருக்கும்போது அது மட்டும் மெதுவா பெருகும், இயற்கைத் தேர்வுக்கு அது தாராளம்.

அடுத்தது சவ்வு, எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. செல்ல சுத்தி இருக்கிற சவ்வு கொழுப்பால ஆனது, அது நெகிழ்வா இருந்தாத்தான் அதுல பதிஞ்சிருக்கிற புரதங்க அசைஞ்சு வேலை செய்யும். குளிர்ல கொழுப்பு இறுகும்னு தெரியும்ல, அழுத்தத்துலயும் அதேதான் நடக்கும். 100 மெகாபாஸ்கல் ஏத்துறது சவ்வப் பொறுத்தவரைக்கும் 15, 20 டிகிரி குளிர வைக்கிறதுக்கு கிட்டத்தட்ட சமம். 2 டிகிரி தண்ணியில இருக்கிற அகழி பாக்டீரியாவோட சவ்வு உறைநிலைக்கு ரொம்பக் கீழ இருக்கிற மாதிரி திணறும்னு அர்த்தம். அதனால ஆழத்துல இருக்கிறதுங்க கொழுப்புச் சங்கிலியில வளைவு இருக்கிற, அதாவது நிறைவுறாத கொழுப்பு அமிலங்கள அதிகமா போட்டு சவ்வ தளர்வா வச்சுக்குதுங்க. நீங்க கெட்டியான சுவர்னு நினைச்சீங்க, நடக்கிறது நேர்மாறு.

இதுல அழகான ஒரு சோதனை இருக்கு. ஃபோட்டோபாக்டீரியம் புரோஃபண்டம்னு ஒரு இனம், அதுல எஸ்எஸ்9னு ஒரு ரகம், சுலு கடல்ல 2,500 மீட்டர் ஆழத்துல பிடிச்ச, இறால் மாதிரி ஓடு இருக்கிற ஒரு சின்ன உயிரிகிட்ட இருந்து கிடைச்சது. 28 மெகாபாஸ்கல்ல நல்லா வளரும், ஆனா சாதாரண அழுத்தத்துலயும் வளரும், அதனால லேப்ல ஜீன எடுத்து மாத்தி விளையாட வசதி. கலிஃபோர்னியா ஸ்கிரிப்ஸ் நிறுவனத்துல டக்ளஸ் பார்ட்லெட்டோட குழு இத வச்சு வருஷக் கணக்கா வேலை பண்ணியிருக்காங்க. ஆழ்கடல் பாக்டீரியா பலதுல ஈபிஏன்னு ஒரு ஒமேகா-3 கொழுப்பு அமிலம் இருக்கும், மீன் எண்ணெய்ல இருக்கிற அதே சமாச்சாரம், அதுதான் அழுத்தத்த தாங்க வைக்குதுன்னு எல்லாரும் நம்பினாங்க. 1999-ல இவங்க ஈபிஏ செய்ய முடியாத மரபுமாற்று ரகத்த உண்டாக்கி அழுத்தத்துல வச்சுப் பாத்தா அது நல்லாவே வளருது! ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிற சாதாரண நிறைவுறா கொழுப்பு அமிலத்த குறைச்சப்பதான் அழுத்தத்துல திணறிச்சு. ஒரு பொருள் ஆழத்துல நிறைய இருக்குங்கிறதால மட்டும் அது அழுத்தத்துக்காகத்தான் வந்துச்சுன்னு சொல்லிடக் கூடாது, எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும்.

இன்னொண்ணு. எஸ்எஸ்9ல டாக்ஸ்ஆர்னு சவ்வுல பதிஞ்ச ஒரு புரதம் இருக்கு, அழுத்தம் கூடுதா குறையுதாங்கிறதப் பொறுத்து வெளிச் சவ்வுல எந்த வாசல் புரதம் இருக்கணும்னு மாத்துறது அது. இதோட சொந்தம் காலரா கிருமியில இருக்கு, அங்க அது நஞ்சு உண்டாக்குற ஜீன்கள கட்டுப்படுத்துது. ஆழத்துக்குன்னு புதுசா ஒரு உறுப்பு முளைக்கல, குடும்பத்துல இருந்த கருவியவே அழுத்தத்த கவனிக்கிற வேலைக்கு வச்சுகிட்டாச்சு. அதனால உங்க "ஒரு ஜீன் போதுமா"ங்கிற கேள்விக்கு என் பதில், போதாது. எல்லா இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சரி பண்ணணும், ஆனா எதையும் அடியில இருந்து கண்டுபிடிக்கத் தேவையில்ல.

கேள்விக்குறி:

ஐயோ அருமை, ரொம்ப நன்றிங்க. சாகாது முடங்கும்ங்கிறது எனக்கு தோணவே இல்ல. ஒண்ணு கேக்கணும், குளிரும் அழுத்தமும் சவ்வுக்கு ஒண்ணுதான்னா முதல்ல குளிருக்கு பழகினதுங்கதான் அப்புறம் ஆழத்துக்குப் போயிருக்குமோ?

பயோகெம் பொண்ணு:

நீங்க கேட்டது சரியான இடம், அப்படித்தான் தடயங்க காட்டுது. லேப்ல வளர்த்த அழுத்தவிரும்பி, அதாவது அழுத்தம் கூடினாத்தான் நல்லா வளர்ற பாக்டீரியாக்களோட பட்டியல பாத்தீங்கன்னா திரும்பத் திரும்ப அதே பேர்தான் வரும், கோல்வெலியா, ஷெவனெல்லா, மோரிடெல்லா, சைக்ரோமோனாஸ், ஃபோட்டோபாக்டீரியம். எல்லாம் காமாபுரோட்டியோபாக்டீரியாங்கிற ஒரே பெரிய கிளையில வர்றதுங்க, இதுல நிறைய பேரோட கிட்டத்து சொந்தங்க துருவப் பக்க குளிர் தண்ணியிலயும் கடல் பனியிலயும் வாழுறதுங்க. துருவப் பகுதியில மேற்பரப்பு தண்ணியே 0 டிகிரிய ஒட்டி இருக்கும், அங்க குளிர்ந்து கனமான தண்ணி அடிக்கு இறங்கி உலகத்தோட ஆழ்கடல் முழுக்க பரவுது. மேல இருந்து கீழ போக அங்க வெப்பநிலை ஒரு தடையே இல்ல, மாறுறது அழுத்தம் மட்டும்தான். வெப்பமண்டலக் கடல்ல 28 டிகிரியில இருந்து இறங்குற ஒண்ணு குளிர், அழுத்தம் ரெண்டையும் ஒரே நேரத்துல சமாளிக்கணும்.

2007-ல ஃபெடரிகோ லாரோ, பார்ட்லெட் எல்லாம் சேர்ந்து வேற வேற அகழிகள்ல இருந்து எடுத்த அழுத்தவிரும்பிகளோட 16எஸ்னு ரைபோசோமுக்குள்ள இருக்கிற ஒரு ஆர்என்ஏவோட ஜீன ஒப்பிட்டாங்க, தென் அரைக்கோளத்துல 9.9 கிலோமீட்டர் ஆழத்துல இருந்து வந்ததும் அதுல உண்டு. அண்டார்டிகாவ சுத்தி ஓடுற ஆழ்நீரோட்டம்தான் இதுங்களுக்கு ஒரு சேமிப்புக் கிடங்கா இருந்து பசிபிக் அகழிகளுக்கு இதுங்கள கொண்டு போய் சேர்க்குதுன்னு அவங்க சொல்றாங்க. அதே ஆய்வுல இன்னொரு விஷயமும் வந்துச்சு, அழுத்தத்துக்கு பழக்கம் கூடக் கூட அந்த ஆர்என்ஏவோட சில சுருள்கள் நீளமாகிட்டே போகுது. அலைமகன் சொன்னாரே ரைபோசோம் அழுத்தத்துல பிரியப் பாக்கும்னு, அதுக்கு ஈடா வந்த மாற்றம்னு இத எடுத்துக்கலாம்.

ஆனா ஆழத்துக்குப் பழக குளிர் கட்டாயம்னு ஆகிடாது. மத்தியதரைக் கடலோட அடித் தண்ணி 13 டிகிரி வாக்குல இருக்கும், அங்கயும் ஆழ்கடல் நுண்ணுயிர்கள் இருக்கு, அங்க குளிர் பெரிய விஷயமே இல்ல, அழுத்தம்தான்.

அகழிக்குள்ள வரைக்கும் போனா கதை இன்னும் தீவிரம். அழுத்தவிரும்பி ஒண்ண தனியா பிரிச்சு முதல்ல நிரூபிச்சது 1979-ல, அரிஸ்டைடிஸ் யயானோஸ் குழு. 1981-ல அதே குழு மரியானா அகழியில இருந்து எம்டி41னு ஒண்ண கொண்டு வந்தாங்க, அது சாதாரண அழுத்தத்துல வளரவே வளராது, 350 வளிமண்டலத்துக்கு மேல இருந்தாத்தான் பெருகும். 1983-ல அத அழுத்தம் இல்லாம வச்சா என்ன ஆகுதுன்னு பாத்தாங்க, மணிக்கணக்குல செத்துப் போகுது. அப்புறம் 2017-ல மரியானா அகழியோட ஆக ஆழமான இடமான சேலஞ்சர் டீப்ல இருந்து கோல்வெலியா மரினிமேனியேன்னு ஒரு இனத்த விவரிச்சாங்க, அது 120 மெகாபாஸ்கல்ல ரொம்ப நல்லா வளருது, 140 வரைக்கும் தாங்குது, 80க்கு கீழ வளராது. 120ங்கிறது பூமியில இருக்கிற எந்தக் கடல் ஆழத்தையும் விட அதிகம், இத முதல்ல படிச்சப்ப நான் எண்ண ரெண்டு தடவ சரி பாத்தேன்.

இந்த எல்லைக்குப் போனதுங்க திரும்பி வர்ற வழிய இழந்துடுச்சுங்க. தளர்வான சவ்வு, அழுத்தத்துலதான் சரியா நிக்கிற புரதங்க, எல்லாம் மேல வந்தா குலைஞ்சிடும்.

நுண்ணுலகம்:

எல்லாரும் அழுத்தத்த மட்டுமே பேசுறீங்க, எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம். ஒரு பாக்டீரியா கீழ போனா மாறுறது அழுத்தம் மட்டுமா? வெளிச்சம் போச்சு, சாப்பாட்டோட வகை மாறிப் போச்சு, பக்கத்துல இருந்த கூட்டம் கலைஞ்சு போச்சு. மேற்பரப்புல ஒரு மில்லிலிட்டர் தண்ணியில பத்து லட்சம் செல் வாக்குல இருக்கும், ஆழத்துல சில பத்தாயிரம்தான். ஜீன்கள வரிசையா பாத்தா அழுத்தத்தோட கையெழுத்த விட சாப்பாட்டோட கையெழுத்தும் இருட்டோட கையெழுத்தும் பல இடத்துல தெளிவா தெரியுது.

கேள்விக்குறி கேட்டாரே சொந்தக்காரங்கள பக்கத்துல வச்சு பாத்தாங்களான்னு, பாத்திருக்காங்க. ஆல்டெரோமோனாஸ் மேக்லியோடினு உலகம் முழுக்க கடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியா. மேற்பரப்புல இருந்து ஒண்ணு, ஏட்ரியாடிக் கடல்ல 1,000 மீட்டர்ல இருந்து ஒண்ணு, ரெண்டோட ஜீனோமையும், அதாவது மொத்த ஜீன் தொகுப்பையும், 2008-ல ஒப்பிட்டாங்க. மேல இருக்கிறது பலவிதமான சர்க்கரைய சாப்பிடத் தயாரா இருக்கு. கீழ இருக்கிறது ஆக்சிஜன் கம்மியான நிலைய சமாளிக்கிறதுக்கும், உலோக நஞ்ச தாங்குறதுக்கும் ஜீன்கள சேத்து வச்சிருக்கு, மேல இருந்து விழுற பெரிய துகள்கள்ல ஒட்டிகிட்டு அதோடயே இறங்குற வாழ்க்கைக்கு ஏத்த மாதிரி. இந்த துகளுக்கு கடல்பனினு பேர், செத்த பாசி, கழிவு, கோழை எல்லாம் திரண்டு பிசுபிசுன்னு விழுந்துகிட்டே இருக்கும், அதுல ஒட்டினதுங்களும் கூடவே இறங்கும். கேள்விக்குறியோட "படிப்படியா இறங்கிச்சா"ங்கிறதுக்கு ஒரு வழி இது. ஒரு தடவ இறங்கி முடிஞ்ச கதை இல்ல, கோடிக்கணக்கான வருஷமா தினமும் புதுசு புதுசா ஆட்கள் கீழ வந்துகிட்டே இருக்காங்க, அதுல தாக்குப்பிடிக்கிறது எதுங்கிறதுதான் விஷயம்.

எஸ்ஏஆர்11னு இன்னொரு கூட்டம், கடல்லயே ரொம்ப அதிகமா இருக்கிற பாக்டீரியா கூட்டங்கள்ல ஒண்ணு, ஜீனோம அவ்வளவு சிக்கனமா வச்சிருக்கும், மேற்பரப்புல இருக்கிற ஒரு ரகத்துக்கு மொத்தமே 13 லட்சம் டிஎன்ஏ எழுத்துதான். இதுலயும் ஆழத்துக்குன்னே ஒரு கிளை இருக்கு. 2014-ல அந்தக் கிளையோட செல்கள தனித்தனியா எடுத்து ஜீனோம் படிச்சாங்க. பெரிய பெரிய வித்தியாசம் எதிர்பாத்தவங்களுக்கு அது ஏமாத்தமா இருந்திருக்கும், வித்தியாசம் மெல்லிசு. ஜீனோம் கொஞ்சம் பெருசு, ஜீனுக்கும் ஜீனுக்கும் நடுவுல இடம் கொஞ்சம் கூட, செல்லோட வெளியுறை செய்யுற ஜீன்கள் கொஞ்சம் கூட. அவ்வளவு சிக்கனமான ஒண்ணு கீழ போனதும் ஏன் சிக்கனத்த தளர்த்துதுன்னு யோசிச்சா அங்கதான் எனக்கு சுவாரசியம். மேல நைட்ரஜன் பஞ்சம், வெளிச்சம் இருக்கிற இடத்துல பாசிங்க எல்லாத்தையும் உறிஞ்சிடும். டிஎன்ஏவோட எழுத்துங்க ஜோடி ஜோடியா இருக்கும், அதுல ஜி-சி ஜோடிக்கு 8 நைட்ரஜன் அணு, ஏ-டி ஜோடிக்கு 7. ஒரு அணுதான் வித்தியாசம், ஆனா லட்சக்கணக்கான ஜோடிக்கு கணக்கு போட்டா பஞ்சத்துல அது பெருசு, அதனால மேல இருக்கிறதுங்க ஏ-டி பக்கம் சாயுது, புரதத்துலயும் நைட்ரஜன் கம்மியான அமினோ அமிலமா பாத்து போடுது. கீழ நைட்ரேட் தாராளம். ஹவாய்க்கு பக்கத்துல அலோஹானு ஒரு ஆய்வு நிலையத்துல ஆழம் ஆழமா எடுத்த மாதிரிகள வச்சு 2017-ல வந்த ஆய்வுல, வெளிச்சம் தீர்ற எல்லைக்கு கீழ ஜீனோமோட அளவு, ஜி-சி பங்கு, புரதத்துல நைட்ரஜன் மூணுமே சேர்ந்து ஏறுது. அழுத்தம் இன்னும் பெருசா ஏறாத ஆழத்துலயே இந்த மாற்றம் வந்துடுதுங்கிறத கவனிங்க.

அப்புறம் மக்கள்தொகை. கீழ கூட்டம் சின்னது, பெருகுறதும் மெதுவு. இப்படி இருக்கும்போது லேசான கெடுதல் பண்ற மாற்றங்கள தேர்வு சரியா களைய முடியாது. அதே நிலையத்துல 4,000 மீட்டர்ல பாத்தப்ப இடம் விட்டு இடம் தாவுற ஜீன் துண்டுகள் நிறைய இருந்துச்சு, புரதங்க மேல தேர்வு காட்டுற கண்டிப்பும் தளர்ந்து இருந்துச்சு. எனக்கு இதுல ஒரு கருத்து உண்டு, ஆழத்துல பாக்குற ஒவ்வொரு வித்தியாசத்தையும் தகவமைப்புன்னு சொல்றது தப்பு, சிலது வெறுமனே யாரும் களையாம விட்டதால தங்கினது.

அலைமகன்:

நுண்ணுலகம், அந்தக் கடைசி வரிய முழுசா ஒத்துக்க முடியல. தாவுற துண்டுங்க நிறைய இருக்கிறது கண்டிப்பு தளர்ந்ததால வந்திருக்கலாம், சரி, ஆனா அதே துண்டுங்கதான் ஜீன்கள ஒரு இனத்துல இருந்து இன்னொண்ணுக்கு கடத்துறதுக்கும் உதவுது. ஒரே துகள்ல ஒட்டிகிட்டு இறங்குறப்ப வேற வேற இனங்க நெருக்கமா இருக்கும், ஏற்கனவே ஆழத்துக்கு பழகினதுகிட்ட இருந்து புதுசா வந்தது ஒரு ஜீன வாங்கிக்க முடியும். சின்னக் கூட்டத்துல புதுசா ஒரு மாற்றம் தானா தோணுறதுக்கு காத்திருக்கிறத விட இது வேகமான வழி. மத்தபடி நைட்ரஜன் கணக்கு அருமை, அத நான் மறந்தே போயிருந்தேன், நீங்க சொல்லலேன்னா கேள்விக்குறிக்கு பாதி படம்தான் கிடைச்சிருக்கும்.

கரைவாசி:

குறுக்க வர்றேன், ஒரு விஷயம் யாரும் சொல்லல. ஆழ்கடல்ல இருக்கிறது எல்லாமே அழுத்தத்த விரும்புறதுங்கன்னு ஒரு எண்ணம் படிக்கிறவங்களுக்கு வந்துடும், அது சரியில்ல. 2022-ல ஒரு ஆய்வு வந்துச்சு, கருவியவே ஆழத்துக்கு இறக்கி அங்கயே, அந்த அழுத்தத்துலயே பாக்டீரியாவோட செயல்பாட்ட அளந்தாங்க, பல பெருங்கடல்கள்ல. 1,000 மீட்டர்ல இருந்து 4,000 மீட்டருக்குள்ள இருக்கிற கூட்டத்துல கிட்டத்தட்ட 85 சதவீதம் அழுத்தத்த வெறுமனே பொறுத்துக்கிறதுங்க, 5 சதவீதம்தான் உண்மையிலேயே விரும்புறதுங்க, மிச்சம் 10 சதவீதம் அழுத்தத்தால முடங்கிக் கிடக்கிறதுங்க. 4,000 மீட்டர்ல மொத்த செயல்பாடு, அதே கூட்டத்த மேல கொண்டு வந்து அளந்தா வர்றதுல மூணுல ஒரு பங்குதான். காரணம் என்னன்னா அந்த முடங்கின 10 சதவீதம் அழுத்தம் போனதும் நூறு மடங்குக்கு மேல துள்ளி எழுந்து வேலை செய்யுது. அதனால பழைய காலத்துல தண்ணிய மேல கொண்டு வந்து அளந்த அளவுங்க பலதும் ஆழ்கடல ரொம்ப சுறுசுறுப்பா காட்டிடுச்சு.

இதோட இன்னொரு சம்பவமும் சேருது. 1968-ல ஆல்வின்னு ஒரு ஆய்வு நீர்மூழ்கி அட்லாண்டிக்ல 1,500 மீட்டர் சொச்சம் ஆழத்துல முழுகிப் போச்சு, ஆட்கள் தப்பிச்சுட்டாங்க, மதியச் சாப்பாடு உள்ளயே மாட்டிகிச்சு. பத்து மாசம் கழிச்சு தூக்கினா சாண்ட்விச்சும் ஆப்பிளும் கிட்டத்தட்ட கெடாம இருக்கு! மேல வந்து குளிர்பெட்டியில வச்சதும் வாரக்கணக்குல கெட்டுடுச்சு. ஹோல்கர் யானாஷ் இத வச்சுத்தான் ஆழத்துல சிதைவு எவ்வளவு மெதுவா நடக்குதுன்னு ஆராய ஆரம்பிச்சாரு. சாப்பாட்டோட கூட போனது மேற்பரப்பு பாக்டீரியா, அதுங்க சாகல, அலைமகன் சொன்ன மாதிரி முடங்கிக் கிடந்துச்சு, குளிர் பெட்டியில அதே குளிர் இருந்தும் அழுத்தம் போனதும் வேலைய ஆரம்பிச்சிடுச்சு.

கேள்விக்குறி:

கரைவாசி, நீங்க சொன்ன 85 சதவீதம் எனக்கு புது விஷயம். அப்போ பொறுத்துக்கிறதுதான் பொது வழி, விரும்புறது சிலதோட வழி. சரி, இத கண்ணு முன்னாடி நடக்க வச்சு பாக்க முடியுமா? அதாவது லேப்ல ஒரு சாதாரண பாக்டீரியாவ எடுத்து அழுத்தத்துல வச்சு வச்சு பழக்க முடியுமா? அப்புறம் பயோகெம் பொண்ணு சொன்னாங்களே திரும்பி வர்ற வழி போயிடும்னு, அது எல்லாத்துக்குமா?

பயோகெம் பொண்ணு:

முதல் கேள்விக்கு, பண்ணியிருக்காங்க. 2015-ல வந்துச்சு, திரும்பவும் பார்ட்லெட் குழுதான். ஈ.கோலைய எடுத்து அழுத்தத்த கொஞ்சம் கொஞ்சமா ஏத்திகிட்டே கிட்டத்தட்ட 500 தலைமுறை வளர்த்தாங்க, கடைசியில அதோட மூதாதை வளரவே முடியாத அழுத்தத்துல வளர்ற ஒரு ரகம் கிடைச்சுது. ஜீனோம படிச்சா மாற்றம் எங்க வந்திருக்குன்னு நினைக்கிறீங்க? கொழுப்பு அமிலம் செய்யும்போது சங்கிலிய கையில பிடிச்சுகிட்டு இருக்கிற புரதத்தோட ஜீன்ல, நிறைவுறா கொழுப்போட அளவும் மாறியிருக்கு. கடல் இயற்கையா கண்டுபிடிச்ச இடத்தயே லேப்லயும் தேர்வு தொட்டிருக்கு, அதுவும் கடலையே பாக்காத ஒரு குடல் பாக்டீரியாவுல. அதுக்காக அது அழுத்தவிரும்பி ஆகிடல, முன்ன விட கூட தாங்குது அவ்வளவுதான். 500 தலைமுறைங்கிறது ஈ.கோலைக்கு சில வாரம் சில மாசம், ஆழத்துல மெதுவா பெருகுற ஒண்ணுக்கு அதுவே ரொம்ப நீண்ட காலம், ஆனா கடலுக்கு காலத்துக்கு பஞ்சம் இல்ல.

இன்னொரு உத்தி விட்டுப்போச்சு, அதையும் சொல்லிடுறேன். செல்லுக்குள்ள சின்ன சின்ன கரைபொருள சேத்து வச்சு புரதங்க குலையாம பாத்துக்கிறது. ஆழ்கடல் மீன்கள் டிஎம்ஏஓன்னு ஒண்ண சேக்கும், ஆழம் கூடக் கூட தசையில அதோட அளவு கூடும். பாக்டீரியாவுலயும் உண்டு, மைராய்டிஸ் புரோஃபண்டினு ஒண்ணு டிஎம்ஏங்கிற வேதிப்பொருள உள்ள இழுத்து டிஎம்ஏஓவா மாத்தி சேத்து வச்சு அழுத்தத்த தாங்குதுன்னு 2021-ல காட்டியிருக்காங்க. எஸ்எஸ்9 வேற ஒண்ண, பீட்டா-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட்ட சேக்குது. புது உறுப்பு எதுவும் வேணாம், கிடைக்கிற பொருள சேத்தாலே ஒரு பாதுகாப்பு.

நுண்ணுலகம்:

ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். எம்டி41 மாதிரி அகழி வாசிகளுக்கு திரும்பி வர்றது முடியாத காரியம், ஆனா நடு ஆழத்துல இருக்கிறதுக்கு நிலைமை வேற, எஸ்எஸ்9யே நல்ல உதாரணம்.

எஸ்எஸ்9க்கு மேற்பரப்புல ஒரு சொந்தம் இருக்கு, 3டிசிகேனு பேர், சான் டியேகோ விரிகுடாவுல ஆழமில்லாத தண்ணியில கிடைச்சது, ஒரே இனம்தான். நீந்துறதுல எஸ்எஸ்9 அசாத்தியம், 2008-ல அழுத்தத்துக்குள்ளயே மைக்ரோஸ்கோப்புல பாத்தப்ப 150 மெகாபாஸ்கல் வரைக்கும் கசையிழைய ஓட்டிகிட்டு இருந்துச்சு, ஈ.கோலை 10ல தடுமாறுறத நினைச்சுப் பாருங்க. ஆனா இன்னொரு பக்கம் எஸ்எஸ்9 ஒண்ண தொலைச்சிருக்கு. புற ஊதாக் கதிரால டிஎன்ஏவுல வர்ற சேதத்த, வெளிச்சத்த வச்சே சரி பண்ற ஃபோட்டோலயேஸ்னு ஒரு நொதி உண்டு. 3டிசிகேகிட்ட அதுக்கான ஜீன் இருக்கு, எஸ்எஸ்9கிட்ட இல்ல. இருட்டுல கதிரும் இல்ல, சரி பண்ண வெளிச்சமும் இல்ல, அந்த ஜீன் கெட்டாலும் போனாலும் தட்டிக் கேக்க தேர்வுக்கு காரணமே இல்ல. அதனால எஸ்எஸ்9 அழுத்தம் இல்லாட்டியும் வளரும், ஆனா சூரிய வெளிச்சத்துல நிக்காது. அது மேல திரும்பி வர முடியாததுக்கு அழுத்தத்த விட வெளிச்சம்தான் பெரிய வேலி.

அப்புறம் என்ன பண்ணாங்கன்னா, 2014-ல வெளியான ஆய்வுல, அந்த ஒரு ஜீன மட்டும் எஸ்எஸ்9க்குள்ள திருப்பி வச்சாங்க. புற ஊதாக் கதிர தாங்க ஆரம்பிச்சிடுச்சு. கீழ போறதுக்கு அலைமகன் சொன்ன மாதிரி பல இடத்துல கொஞ்சம் கொஞ்சம் சரி பண்ணணும், ஆனா நடு ஆழத்துல இருக்கிற இது மேல வர்றதுக்கு எதிரா நின்ன ஒரு வேலிய ஒரே ஒரு ஜீனால எடுக்க முடிஞ்சுது. கடல்ல ஜீன்கள் கை மாறிகிட்டே இருக்கு, வைரஸ் வழியாவும் துகள்ல ஒட்டினவங்க வழியாவும், அதனால மேல கீழ ரெண்டு பக்கமும் போக்குவரத்து இருந்திருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். 3டிசிகேவுக்கு எதிர்ப்பக்கம், அத எஸ்எஸ்9 மாதிரி அழுத்தத்துக்கு பழக்கணும்னா சவ்வு, கசையிழைன்னு நிறைய இடத்துல கை வைக்கணும், அது ஒரு ஜீன்ல முடியுற வேலை இல்ல.